காட்டுவதற்கு ஒரு குழாய்

தண்ணீர்க் குழாயை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்த அன்று எனக்கு முதலில் வந்த கவலை, புதிய குழாயை எப்படி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என்பதுதான். எது நல்ல ரகம், எத்தனை வருஷம் உழைக்கும் என்பதெல்லாம் பிறகு. அப்போது நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் வாடகைக்கு இருந்தோம். ஒழுங்கை, பெருந்தெருவான காலி வீதியில் ஏறும் இடத்தில் மணல் மூட்டை அடுக்கி ஒரு சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். அரிசிப் பைக்குள்ளேயே கையை விட்டுக் கிளறுகிற ஆட்கள், குழாயைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், கொட்டாஞ்சேனையில் ஒரு கொம்பனியில் கணக்கெழுதிய என் கணவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் தம்பி. தம்பிக்கு இருபத்திரண்டு வயது. போர்க் காலத்துக் கொழும்பில், ஒரு தமிழ் வீட்டுக்குள் அந்த வயதுப் பெடியன் ஒருவன் இருந்தால் அந்த வீடு நிம்மதியாக நித்திரை கொள்ளாது. எங்களோடு தங்கியிருப்பதாகப் பொலிஸில் பதிந்த துண்டுச் சீட்டை அவன் நெஞ்சுப் பையிலேயே வைத்திருந்தான். வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை எந்நேரமும் தொங்கும். அதற்குள் ஒரு சாரம், ஒரு துவாய், சவர்க்காரக் கட்டி. திடீரென்று கொண்டுபோனால் கையோடு எடுத்துக்கொண்டு போவதற்கு. எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் அப்படிப் பை தொங்கியது, ஆனால் அதைப் பற்றி யாரும் யாரோடும் கதைப்பதில்லை. அந்தப் பையை அவன் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்குவதை நான் பார்க்க நேர்ந்துவிடக் கூடாது என்பது மட்டுமே அந்த வருஷங்களில் என் வேண்டுதல்.

குழாயை மாற்ற வேண்டி வந்ததும் அவனால்தான். காலையில் பைப்பைத் திறந்தால் முதலில் ஒரு இருமல் வரும். பிறகு தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் வரும். அந்தக் காலத்து இரும்புக் குழாய், கடல் உப்புத் தின்று உள்ளே துருப்பிடித்துக் கிடந்தது. குடிக்கக் கொதிக்கவைத்து வடிகட்டினோம், சரி. உடுப்பை என்ன செய்வது? தம்பி காலி வீதியில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை செய்தான், வெள்ளைச் சட்டைதான் போட வேண்டும். எனக்கு வெள்ளை உடுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பொல்லாதவள், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீலம் போட்டும் எலுமிச்சம் புளி தேய்த்தும் பார்த்தேன். அவன் சட்டைகளில் மண்ணிறக் கறை விழுந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் சாவடியில் நின்ற ஆமிக்காரன் அந்தக் கறையில் விரலை வைத்து, "இது இரத்தமா?" என்று கேட்டிருக்கிறான். தண்ணீர்க் கறை என்று தம்பி சொல்ல, தண்ணீரில் எங்கே கறை இருக்கிறது என்று அவன் திருப்பிக் கேட்டிருக்கிறான். அன்றைக்கு அரை மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவைத்து விட்டுவிட்டார்கள். தம்பி பின்னேரம் வந்து இதைச் சிரித்துக்கொண்டு சொன்னான்.

அடுத்த நாளே கணவரை இழுத்துக்கொண்டு காலி வீதியில் இருந்த இரும்புக் கடைக்குப் போனேன். கடை முதலாளி ஒரு முஸ்லிம் மனுஷன், அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் பழக்கமானவர். நாங்கள் இருக்கும் ஒழுங்கையைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

"கடக்கரைக்கு இரும்பு சரிவராது மிஸ். உப்புக் காத்து. வெளிய மினுமினுண்டு ஈக்கும், உள்ளுக்கால தின்னுக்கிட்டே போகும். பீவீசி போடுங்க. தடிச்ச ரகம் ஈக்கி. வெயில் படுற எடத்துக்கு மட்டும் பெயின்ட் அடிச்சா போதும்."

என் கணவர் எதையும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். "பிளாஸ்டிக்கை எலி கடிக்குமெண்டு சொல்லுகினம். இரும்பெண்டால் ஒருக்காப் போட்டால் எங்கட ஆயுசுக்குக் காணும்" என்றார்.

அவர்கள் இருவரும் எலியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, நான் சுவரோரம் இருந்த தட்டைப் பார்த்தேன். முழ நீளத்தில் வெட்டி, இரண்டு முனையிலும் மரை போட்ட இரும்புத் துண்டுகள். பக்கத்துப் பெட்டியில் அந்த முனைகளுக்குப் பூட்டுகிற மூடிகள். இரண்டையும் சேர்த்தால் என்ன செய்யலாம் என்று பத்திரிகை படித்த எல்லோருக்கும் அப்போது தெரிந்திருந்தது.

"இரும்பு வேண்டாம்" என்றேன்.

"ஏனப்பா?"

"வேண்டாமெண்டால் வேண்டாம்."

முதலாளி என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மிஸ் செல்றது சரிதான். போன மாசம் ஒரு பெடியன் அதுல ரெண்டு துண்டு வாங்கிட்டுப் போனான். சாவடியில பின்னேரம் வரைக்கும் வெச்சிக்கிட்டாங்க. நான் பில்லோட போயித்தான் எடுத்துக்கிட்டு வந்த."

அதற்குப் பிறகு என் கணவர் எலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பீவீசி என்று முடிவாயிற்று. ஆனால் அந்தச் சாம்பல் நிறக் குழாய்கள் ஒவ்வொன்றும் ஆளைப் போல மூன்று மடங்கு நீளம். ஒருவன் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தால் தூரத்தில் நிற்கிறவனுக்கு என்ன தெரியும்? வெட்டித் தரச் சொல்லலாம் என்றார் கணவர். வெட்டினால் கட்டையாகிவிடுமே என்றேன் நான்.

"நீட்டாயிருந்தால் ரொக்கெட், கட்டையாயிருந்தால் குண்டு. அப்ப தண்ணியை அந்தரத்திலயே கொண்டுவாறது?" என்று அவர் எரிந்து விழுந்தார். முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

கடைசியில் முதலாளிதான் வழி சொன்னார். அவருடைய கடையில் கைவண்டி தள்ளுகிற சிங்கள ஆளிடம் கொடுத்தனுப்பினார். சாவடிப் பெடியன்களுக்கு அவன் தினமும் பார்க்கிற முகம். வண்டி முன்னே போக, நான் வெகுதூரம் பின்னால் கத்தரிக்காய்ப் பையோடு, யாரோ வீட்டுக் குழாய் என்பது போல நடந்தேன். அவன் சாவடியில் நின்று வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு, என்னவோ சொல்லிச் சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளினான். ஒருவரும் குழாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டு வாசலுக்கு வந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

குழாய் பொருத்த வேலை தெரிந்த ஒரு சிங்கள ஆள் வந்தார், பாஸ் என்றுதான் அப்படியானவர்களைக் கூப்பிடுவோம், தெமட்டகொடையில் இருப்பவர். தண்ணீர் மீற்றர் வாசல் கேற்றடியில். பழைய குழாய் அங்கிருந்து சீமெந்து முற்றத்துக்கு அடியால் போய்க் குசினிச் சுவரில் ஏறியது. முற்றத்தைக் கொத்தி, பழையதை உருவி எடுத்துவிட்டு, தோண்டிய அதே கிடங்கில் புதியதைப் போட்டால் வெயில் படாது, அதுதான் முறை என்றார் பாஸ். பழைய இரும்பைத் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அலவாங்கால் சீமெந்தைக் கொத்துகிற சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். மண் குவியும். எதிர்ப் பக்கத்து மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தமிழ் வீட்டு முற்றத்தில் நீளமாக ஒரு கிடங்கு, பக்கத்தில் ஒரு பெடியன். யாராவது ஒரு போன் போட்டால் போதும். எங்களுக்குள் எதிலும் ஒத்துப்போகாத நாங்கள் அன்றைக்கு ஒரே குரலில் சொன்னோம், கொத்த வேண்டாம், பழையது கிடந்தபடி கிடக்கட்டும், புதியதை மதிலோடு கொண்டுபோங்கள் என்று.

பாஸுக்கு விளங்கவில்லை. நல்ல இரும்பை யாராவது மண்ணுக்குள் விட்டுவைப்பார்களா என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு உள்ளே கதிரையில் இருந்த தம்பியைப் பார்த்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பழைய குழாயை இரண்டு பக்கமும் அறுத்து, மண்ணும் கரப்பானும் போகாமல் முனைகளுக்கு இரும்பு மூடி பூட்டி, மேலே சீமெந்து பூசி மட்டப்படுத்திவிட்டுப் போனார். எவ்வளவு துப்புரவான வேலை என்று நான் அவரைப் புகழ்ந்து ஒரு தேத்தண்ணியும் கூடக் கொடுத்தேன்.

புதுக் குழாயில் தண்ணீர் கண்ணாடி போல வந்தது. கிளாஸில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பியின் சட்டைகள் கொடியில் தும்பைப் பூவாகக் காய்ந்தன. சில மாதங்கள் அப்படிப் போயின, நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

ஒரு காலையில் ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் அடைத்துவிட்டு வீடு வீடாகச் சோதிக்கத் தொடங்கினார்கள். கணவர் அதற்குள் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறிவிட்டார். வீட்டில் நானும் தம்பியும்தான். வந்த அதிகாரி இளம் பெடியன், மரியாதையாகவே கதைத்தான். அடையாள அட்டை பார்த்தான், பொலிஸ் துண்டு பார்த்தான், அலுமாரியைத் திறந்து பார்த்தான். எல்லாம் சரி. வெளியே போகக் காலெடுத்து வைத்துவிட்டான். அப்போதுதான் முற்றத்தில் நின்றவனின் கையிலிருந்த கருவி கூவியது. தடி நுனியில் தட்டுப் போன்ற ஒன்று பூட்டிய கருவி, நிலத்துக்குள் இரும்பு இருந்தால் சொல்லும். அவன் ஓர் அடி நகர்ந்தான், மறுபடி கூவியது. கேற்றடியிலிருந்து குசினிச் சுவர் வரைக்கும் ஒரே நேர்கோட்டில் கூவிக்கொண்டே வந்தது.

"தண்ணீர்க் குழாய்" என்றேன் சிங்களத்தில்.

அதிகாரி குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்தான். சுத்தமான தண்ணீர் வந்தது. அங்கிருந்து விரலை நீட்டிக்கொண்டே சாம்பல் குழாயைப் பின்தொடர்ந்து மதிலோடு நடந்து மீற்றர் வரைக்கும் போனான். பிறகு திரும்பி வந்து என் முன்னால் நின்றான்.

"தண்ணீர்க் குழாய் இது. அப்படியென்றால் அது என்ன?"

"பழைய குழாய்."

"அதில் தண்ணீர் வருமா?"

"வராது."

அவன் தம்பியின் கையில் எங்கள் அலவாங்கைக் கொடுத்துக் கொத்தச் சொன்னான். எந்தக் காட்சிக்குப் பயந்து பழைய குழாயை மண்ணுக்குள் விட்டோமோ அதே காட்சி என் கண் முன்னால் நடந்தது. கிடங்கு, மண் குவியல், பக்கத்தில் என் தம்பி, மாடியில் எட்டிப் பார்க்கிற முகங்கள். சீமெந்து உடைந்து, மண்ணுக்குள்ளிருந்து இரும்பு மூடி போட்ட குழாய் முனை தெரிந்தது. ஆமிக்காரர்கள் எல்லோரும் ஒன்றாகப் பின்வாங்கினார்கள். என் தம்பி மட்டும் பின்வாங்கவில்லை. அவனை ஒருவரும் பின்வாங்கச் சொல்லவில்லை.

உடை என்று கேற்றுக்கு அப்பாலிருந்து கட்டளை வந்தது. அந்தக் குழாய்க்குள் துருவைத் தவிர ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், பாஸ் மூடி பூட்டியதை என் கண்ணால் பார்த்தவள் நான். இருந்தும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அத்தனை பேர் பயந்து நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கே சந்தேகம் பிடித்துவிட்டது. தம்பி அலவாங்கால் போட்டான். துருப்பிடித்த இரும்பு, மரை இருந்த இடத்தில் முறிந்தது. முழ நீளத் துண்டு, ஒரு முனையில் மூடி. கடையில் எதைப் பார்த்துப் பயந்தேனோ அதேதான்.

புதுக் குழாய் போட்டபோது பழையதை ஏன் எடுக்கவில்லை என்று அதிகாரி கேட்டான். தம்பி சோதனைக்காகவே பாடம் பண்ணி வைத்திருந்த சிங்களம் எல்லாம் அவனுக்கு மறந்துபோய்விட்டது, "மே வத்துர பைப் எக்க, சேர், வத்துர பைப் எக்க" என்று, இது தண்ணீர்க் குழாய் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். நான் உண்மையைச் சொன்னேன். கிண்டினால் எதையோ புதைக்கிறோம் என்று நீங்கள் நினைப்பீர்களோ என்று பயந்தோம் என்றேன்.

"ஒன்றும் இல்லாதவர்கள் ஏன் பயப்பட வேண்டும்?" என்றான் அதிகாரி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டான். பிறகு தம்பியையும் அந்தத் துண்டையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

உள்ளே வந்து பார்த்தால் கதவுக்குப் பின்னால் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை காலம் அவனுக்காகக் காத்திருந்த பை, வேண்டிய நேரத்தில் எங்கள் இருவருக்கும் நினைவு வரவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு பொலிஸுக்கு ஓடினேன். பையைக் கிளறிப் பார்த்துவிட்டு என்னிடமே தந்துவிட்டார்கள். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். கணவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து சேரும்வரை பொலிஸ் வாசலில் போட்டிருந்த வாங்கில் இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். பாஸ் மேல், கடலுப்பு மேல், பீவீசி மேல்கூட.

மறுநாள் நாங்கள் மறுபடி புறப்பட்டுக்கொண்டிருந்தபோது கேற்றுச் சத்தம் கேட்டது. தம்பி. சட்டை முழுக்க மண். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஏதோ. வாங்கிப் பிரித்தேன். அந்தக் குழாய்த் துண்டு.

"இதை ஏனடா கொண்டுவந்தனி?"

"சாமானை எடுத்துக்கொண்டு போ எண்டு தந்திட்டாங்கள் அக்கா. வழியில போடுவமெண்டு பாத்தனான். எங்க போட்டாலும் ஆரோ ஒராள் பாத்துக்கொண்டு நிண்டது."

வயதான சார்ஜன்ட் ஒருவர் அந்தத் துண்டை மேசை விளிம்பில் தட்டினாராம், துருப் பொருக்கு கொட்டியதாம். துவாரத்துக்குள் பென்சிலை விட்டுப் பார்த்தாராம், போகவில்லையாம். என் வீட்டிலும் இதே தண்ணீர்தான் என்று சொல்லிச் சிரித்தாராம். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தம்பி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வழியில் எங்கள் சாவடியில் மறித்தபோது, கையிலிருப்பது பொலிஸ் தந்த சாமான் என்று சொல்லித் தப்பி வந்திருக்கிறான்.

முற்றம் உடைந்துதானே கிடக்கிறது, இப்போதாவது முழுவதையும் கிளப்பி எறிவோம் என்றார் கணவர். தம்பி வேண்டாம் என்றான்.

"அந்த ஒபிசர் எழுதிக்கொண்டு போனவர் அத்தான். இஞ்ச இரும்பு இருக்கெண்டு எழுதியிருக்கு. அடுத்த முறை வந்து பாக்கேக்க இல்லையெண்டால், எங்க ஒளிச்சனியள் எண்டு கேப்பாங்கள். அது கிடக்க வேணும். அதில தண்ணி வர வேணும்."

மறுபடி பாஸ் வந்தார். முறிந்த இடத்துக்கு இரும்புத் துண்டு வேண்டும் என்றதும், கடை முதலாளி தானே கொண்டுவந்து தந்தார். பழைய குழாயை மறுபடி மீற்றரோடு தொடுத்து, மறு முனையில் குசினிச் சுவரடியில் ஒரு பைப் வைத்தார் பாஸ். தன் வாழ்நாளில் நல்ல தண்ணீரை விட்டுவிட்டுக் கெட்ட தண்ணீருக்குப் பைப் வைத்தது இந்த வீட்டில்தான் என்றார். சிரிக்கப் போனவர் எங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இப்படி எங்கள் வீட்டில் இரண்டு குழாய்கள் ஆயின. ஒன்று குடிக்க, ஒன்று காட்ட. காட்டுகிற குழாய் அடைத்துவிடாமல் தினமும் காலையில் நான் அதைத் திறந்துவிடுவேன். முதலில் இருமும், பிறகு மண்ணிறமாக ஒழுகும். ஒரு சொட்டுக் கறைக்கு வீட்டை இரண்டாக்குகிற நான், அந்த ஊத்தைத் தண்ணீர் வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். வந்த பிறகுதான் அடுப்பு மூட்டுவேன்.

அவர்கள் மறுபடி வந்தது ஒரு பகல் நேரத்தில். வேறு அதிகாரி, வேறு ஆட்கள். தம்பி வேலைக்குப் போகச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான், முதல் நாள் தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டை. கருவி அதே கோட்டில் கூவியது. கேள்வி வருவதற்கு முன்பே தம்பி போய்ச் சுவரடிப் பைப்பைத் திறந்தான்.

தண்ணீர் வரவில்லை.

வெள்ளவத்தையில் பகலில் தண்ணீர் மெலிந்துபோவது வழமை. மற்றப் பைப்புகளில் நூலாகவாவது வரும், துரு அடைத்த இந்தக் குழாயில் அதுவும் வராது. நான் காலையில் மட்டுமே பார்த்தேன். காலையில் மட்டும் பார்த்தால் போதும் என்று எப்படி நினைத்தேன்? அதிகாரி பைப்பைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். ஒருவன் மூலையில் சாத்தியிருந்த அலவாங்கை எடுக்கப் போனான். தம்பியின் கை பைப்பிலேயே இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் கையை விட்டுத் துணிப்பையை எடுத்துக்கொண்டேன்.

அப்போது குழாய் இருமியது. காற்றுத்தான் வந்தது. மறுபடி இருமியது. பிறகு ஒரு துருப் பொருக்கு, அதற்குப் பின்னால் கறுப்பாகக் கொஞ்சம், அதற்குப் பின்னால் மண்ணிறத் தண்ணீர் விட்டுவிட்டு ஒழுகத் தொடங்கியது.

அதிகாரி மூக்கைச் சுளித்தான். இதையா குடிக்கிறீர்கள் என்று கேட்டான். ஓம் என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான்.

தம்பி பைப்பை மூடவில்லை. அதன் முன்னால் குந்தியிருந்து, அந்தத் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்தி முகத்தைக் கழுவினான். மறுபடி மறுபடி ஏந்திக் கழுவினான். வெள்ளைச் சட்டையின் நெஞ்சு முழுக்க மண்ணிறமாக நனைந்தது. நான் பையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.